இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து இனிகோ ரோச்

பெரியதாழை இனிகோ ரோச்சைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றபடி அவர் எல்லாரையும் போல ஒரு ஆள். மீன்பிடிக்கப் போகச் சொந்தமாக ஒரு வல்லம், அதில் தண்டு வலிக்க மச்சினன்மார், வீட்டில் விக்டோரியா என்ற மனைவி, ஞாயிற்றுக்கிழமை பூசை, திருநாளுக்குப் புது வேட்டி. இவ்வளவையும் விரித்து எழுதினாலும் அரைப் பக்கம் தாண்டாது. அவருடைய வாய்தான் அவரை முதலில் அச்சில் ஏற்றியது, பிறகு கோர்ட்டில் ஏற்றியது. அச்சில் ஏறிய கதையை அவரே பல தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். கோர்ட்டில் ஏறியதை நேரில் பார்த்தேன். தூத்துக்குடியில் வக்கீல் கிருபாநிதியிடம் நான் அப்போது குமாஸ்தா.

நாற்பதாம் வருஷம் கோடையில் பேராசிரியர் வன்னியபெருமாள் பெரியதாழைக்கு வந்து இறங்கினார். முத்தையாபுரத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவர். சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்து, சட்டம் கற்பித்து, போகிற போக்கில் சைவமாகவும் ஆகிவிட்டவர். அவர் எழுதும் புத்தகங்கள் இரண்டு வகை. ஒன்று அறிஞர்களுக்கு. இங்கிலீஷில், தலையணைக் கனத்தில், பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பாக இருக்கும். வக்கீல்கள் அதை வாங்கிக் கட்சிக்காரர் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைப்பார்கள். எங்கள் வக்கீல் ஐயாவின் அலமாரியில் இருந்த பிரதியில் ஒட்டிக்கிடந்த தாள்களை யாரும் கத்தி வைத்துப் பிரித்ததில்லை. மற்றது பாமரருக்கு. தமிழில், ஒல்லியாக, கடைசியில் மாதிரி மனுக்களும் மாதிரிப் பத்திரங்களும் வைத்து வரும். இதை ஜனங்கள் படித்துவிடுவார்கள். முதல் வகைப் புத்தகத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வருஷம் அவர் எழுத ஆரம்பித்திருந்தது தலையணை வகை. முத்துக்குளிக்கும் கடற்கரையின் வழக்காற்றுச் சட்டங்கள் என்பது விஷயம். முத்துக்குளிப்பு நடந்தே பல வருஷம் ஆகியிருந்தது. எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி. நடக்காத தொழிலைப் பற்றி என்ன எழுதினாலும் ஒருத்தரும் வந்து தகராறு பண்ண மாட்டார்கள். ஆனால் புத்தகம் கனமாக வேண்டுமே. அதனால் மீன்பிடி வழக்கங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டு வந்திருந்தார்.

ஊரில் யாரைக் கேட்டாலும், "நமக்கு என்னய்யா தெரியும், சாமியாரைக் கேளுங்க" என்று நழுவினார்கள். இனிகோ மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் பவுண்டன் பேனாவைத் திறந்தார்.

"காற்றில் கயிறு அறுந்து ஒரு வல்லம் வேற்றூர்க் கரையில் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கு உரியது?"

"இதென்ன கேள்வி? வல்லம் யாருதோ அவனுக்குத்தான்."

"அதற்கு என்ன முறை?"

"மேல இழுத்துக் கட்டிப் போடுவோம். அவன் வெத்தல பொயலயோட வருவான். சோத்தப் போட்டு, எல்லாருமாத் தள்ளி உட்டுருவோம். அம்புட்டுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் பேராசிரியர். அவர் முகம் வாடிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்பதை வைத்து ஒரு அத்தியாயம் எழுத முடியாது. அடிக்குறிப்பு போடக்கூட அதில் இடமில்லை. பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

கடற்கரையில் வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். இனிகோ உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். விக்டோரியா அன்று பட்ட சீலா மீனைத் துண்டு போட்டு ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தாள். பேராசிரியர் இரண்டடி பின்னால் போய், தாம் சைவம் என்றார். கருவாடு வந்தது. அதுவும் மீன்தானே என்றார். கோழிமுட்டை வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். கருப்பட்டி கொடுத்தார்கள். தம் வீட்டிலேயே பானை பானையாக இருக்கிறது என்றார். இனிகோவுக்கு ஒரே அவமானமாகப் போய்விட்டது. அவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்த பெரிய மனுஷர், முகம் வாடி, வெறுங்கையோடு படி இறங்குகிறார். கொடுக்கிற மாதிரி வீட்டில் இன்னும் என்ன இருக்கிறது? வாய்தான் இருந்தது.

"ஐயா, நில்லுங்க. ஆதி வழக்கம் ஒண்ணு உண்டு. அத வெளிய சொல்லுறதில்ல."

பேராசிரியர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஒதுங்குற வல்லம் அல நனைக்காத மணலுக்கு ஏறிட்டுன்னு வையுங்க. பெறகு அது எந்த வாசலுக்கு நேரா கெடக்கோ அந்த வாசல்காரருக்குத்தான் சொந்தம். கடல் குடுத்தத மனுசன் திருப்பிக் கேக்கப்படாது. சவேரியார் காலத்துக்கு முந்தியே உள்ளது."

பேனா பறந்தது. பேராசிரியர் அதற்கு அங்கேயே ஒரு லத்தீன் பெயர் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பூசையில் லத்தீன் கேட்டே வளர்ந்த இனிகோவுக்கு மெய்சிலிர்த்தது. தாம் சொன்னது நிஜமாகவே இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். வந்தவர் நிறைந்த மனத்தோடு வண்டி ஏறினார். விக்டோரியா மட்டும், "இல்லாததை ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"விருந்தாளிளா! என்னத்தையாவது குடுத்து உடணும்லா?"

தலையணைப் புத்தகம் யுத்தக் காலத்துப் பழுப்புத் தாளில் வெளிவந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வழக்கமும், அதன் அடியில், பெரியதாழை இனிகோ ரோச் என்ற மூத்த மீனவர் கூறியது என்ற குறிப்பும் இருந்தன. பேராசிரியர் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். இனிகோ அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு ரிப்பனைச் செருகி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. காட்டப்பட்டவர்களுக்கும் தெரியாது. ஒரு கெடுதலும் நேரவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சென்னையில் புத்தகக் கடைக்காரர் யாரோ, "ஐயா, இதையே சுருக்கித் தமிழில் போட்டால் நன்றாகப் போகும்" என்று சொல்ல, யுத்தம் முடிந்த வருஷம் ஒல்லி வகை வந்தது. கடலோரப் பாத்தியதைக் கையேடு என்று பெயர். பெரிய புத்தகத்தில் 'சில இடங்களில் இவ்வாறு கருதப்படுவதாகத் தெரிகிறது' என்று இழுத்திருந்த இடமெல்லாம், பாமரருக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், கையேட்டில் 'சட்டம் இதுவே' என்று ஆகியிருந்தது.

முத்தையாபுரத்துக் கடற்கரையில் உப்பளமும் உப்புக் கொட்டகையும் வைத்திருந்த பால்துரை அண்ணாச்சி அதை வாங்கினார். காலையில் கடை திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, சாமி கும்பிட்டு முடித்ததும் அதில் ஒரு பக்கம் படிப்பார். கெட்டவர் இல்லை. அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களிடம் கெட்டவர்களை விட அதிகமாகப் பயப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

நாற்பத்தாறு மார்கழியில் இனிகோ கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக வல்லம் நிறையக் கருவாடு ஏற்றித் தூத்துக்குடிக்கு வந்தார். சரக்கை இறக்கிவிட்டு, வல்லத்தை நங்கூரம் போட்டு நிறுத்தி, கோயிலுக்குப் போனார். வாடைக் காற்று பிடித்துக்கொண்டது. கயிறு அறுந்து, வல்லம் தெற்கே இழுபட்டுப் போய் முத்தையாபுரத்து மணலில் ஏறிக் கிடந்தது. நேரே பால்துரையின் கொட்டகை வாசல்.

இனிகோ பதறவே இல்லை. வல்லம் உடையாமல் கிடப்பதாகத் தகவல் வந்ததும், வெற்றிலை புகையிலையும் மிச்சமிருந்த கருவாட்டில் நல்லதாக ஒரு கட்டும் எடுத்துக்கொண்டு மச்சினன்மாரோடு போனார். பால்துரை நாற்காலி போட்டு, கருப்பட்டிக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். கருவாட்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டைப் பிரித்தார்.

"எனக்கு ஒம்ம மேல ஒரு கோவமும் இல்ல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? கேளும், வாசிக்கேன்."

வாசித்தார். அலை நனைக்காத மணல், வாசலுக்கு நேர், கடல் கொடுத்தது, எல்லாம் வந்தது. இனிகோவுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"எவம்வே இப்பிடிச் சொன்னான்?"

"போட்டிருக்காவள்ளா. பெரியதாழை இனிகோ ரோச்னு ஒரு பெரியவர். கேள்விப்பட்டிருக்கீரா?" என்று கேட்டுவிட்டு, "ஆமா, ஒம்ம பேரு என்ன?" என்றார் பால்துரை.

பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்த இனிகோ வாயடைத்துப் போனது அன்றைக்குத்தான் என்று அவருடைய மச்சினன் என்னிடம் சொன்னான்.

வல்லம் போனால் எல்லாம் போயிற்று. வல்லம் உள்ளவர் சம்மாட்டி. இல்லாதவர் இன்னொருவர் வல்லத்தில் கூலி. இனிகோவின் தகப்பனார் கூலியாகவே செத்தவர். மகன் சம்மாட்டி ஆவதற்குள் விக்டோரியாவின் காது வெறுங்காதாகியிருந்தது. ஆகவே அவர்கள் எங்கள் ஐயாவிடம் வந்தார்கள்.

கிருபாநிதி ஐயா கதையைக் கேட்டு, வக்கீலுக்குரிய கவலையோடு தலையை ஆட்டினார். "பேராசிரியர் வாயாலேயே தப்பு என்று சொல்ல வைத்துவிட்டால் வழக்கே இருக்காது" என்று என்னையும் இனிகோவையும் அவரிடம் அனுப்பினார். அதற்குள் கோடை பிறந்து, விடுமுறைக்குப் பேராசிரியர் முத்தையாபுரம் வந்திருந்தார். இனிகோவைக் கண்டதும் எழுந்து நின்று, "அடடே, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அது நான் சும்மா சொன்னது. அப்பிடி ஒரு வழக்கமே கெடையாது."

பேராசிரியர் சிரித்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒன்பதாம் அத்தியாயத்தில் இதை எழுதியிருக்கிறேன். ஒரு வழக்கம் தனக்கு எதிராகத் திரும்பும்போது அதை மறுப்பது மனித இயல்பு. நீங்கள் இவ்வளவு தீவிரமாக மறுப்பதே அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்று."

"ஐயா, நானே கட்டுனதுய்யா!"

"அப்படி உங்களுக்குத் தோன்றுகிறது. நீங்கள் கடலில் இருப்பவர், உங்கள் வழக்கம் உங்களுக்கே முழுதாகத் தெரியாது. நான் வடகடல் நாடுகளின் வழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனிகோவின் கையில் கையேட்டின் பிரதி ஒன்றையும் கொடுத்தார். மாதிரி மனுக்கள் உபயோகப்படும் என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. நாடெல்லாம் சுதந்திரம் வாங்கிய சந்தோஷத்தில் இருந்த வருஷம். எங்கள் கட்சிக்காரர் கூண்டில் ஏறி மெய்யே சொல்வதாகச் சத்தியம் பண்ணி, மெய்யே சொன்னார். எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேலை வைக்காமல் முன்சீப்பே கேள்வி கேட்டார்.

"பேராசிரியரிடம் நீர் சொன்னது பொய் என்கிறீரா?"

"ஆமாங்க எசமான்."

"ஏன் பொய் சொன்னீர்?"

"ஐயா மீன் சாப்பிட மாட்டாவ எசமான்."

கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டார். முன்சீப் சிரிக்கவில்லை. மீனுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். இனிகோ விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. சீலா மீன், கருவாடு, முட்டை, கருப்பட்டி என்று அவர் வரிசையாகச் சொல்ல, பதிவு செய்யும் குமாஸ்தா நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு பேராசிரியர் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். தம் புத்தகம் சரியா என்று கேட்டதற்குத் தம் புத்தகத்தின் முன்னுரையை ஆதாரமாகக் காட்டினார்.

தீர்ப்பு இப்படி வந்தது. வாதி இன்று சொல்வது வல்லத்துக்காக. அன்று சொன்னது எந்த வழக்கும் இல்லாத காலத்தில், எந்த லாபமும் கருதாமல், ஓர் அறிஞரிடம். ஆகவே இந்தக் கடற்கரையின் வழக்கம் என்ன என்பதற்கு, தகராறு இல்லாத காலத்தில் இனிகோ ரோச் பேராசிரியரிடம் சொன்ன சொல்லே சிறந்த சாட்சியம். வல்லம் பால்துரைக்கு.

அப்பீல் என்றார் எங்கள் ஐயா. விக்டோரியா போதும் என்று கும்பிட்டாள்.

பால்துரைக்குக் கடல் தண்ணீர், உப்பாக மாறிய பிறகுதான் பழக்கம். வல்லத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மணலில் கிடந்தால் பலகை வெடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். வல்லம் ஓட்டுகிறவர்களில் அவருக்குத் தெரிந்த ஆள் இனிகோ ஒருவர்தான். "ரோச்சு, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீரும். வல்லம் என்னுது, ஓட்டுறது நீரு. மீன்ல பாதிப் பாதி" என்றார். வேறு வழி இல்லை. இனிகோ குடும்பத்தோடு முத்தையாபுரத்துக்கு வந்து, தம் வல்லத்தில் தாமே கூலியாக ஏறினார். பலகையில் எழுதியிருந்த பனிமய மாதா பெயரை அழிக்கப் பால்துரைக்குப் பயம். அதனால் அதற்குக் கீழே தம் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொண்டார். முதல் நாள் கடலுக்குப் போனபோது இனிகோ அழுதாராம். மச்சினன்மார் பார்க்காத மாதிரி தண்டு வலித்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த இரண்டு புத்தகங்களையும் கடலில் தூக்கிப் போட வேண்டும் போல இருந்தது.

ஒரு விஷயத்தில் பால்துரைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இனிகோவுக்குக் கை ராசி. மீன் கொட்டியது. ருசி கண்ட பால்துரை உப்பில் வந்த லாபத்தை எடுத்து மேலும் சில வல்லங்கள் வாங்கி, ஆள் வைத்து ஓட்ட ஆரம்பித்தார். தாம் ஒருநாளும் ஏறாத வல்லங்களுக்கு அவர் பெரிய சம்மாட்டி ஆகிவிட்டார்.

நாற்பத்தொன்பதில் பேராசிரியர் மறுபடி வந்தார். இப்போது புதிய காற்று வீசியது. தொழிலாளி என்ற சொல் சென்னையில் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த புத்தகம் கடல் தொழிலாளர் பாத்தியதைகள். பால்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. தம் வெற்றிக்குக் காரணமான மனுஷரைக் கொட்டகை வாசலில் பந்தல் போட்டு வரவேற்றார். எங்கள் ஐயாவுக்கும் அழைப்பு வர, பெட்டி தூக்கிக்கொண்டு நானும் போனேன். வல்லங்களில் வேலை பார்த்த ஆட்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். விக்டோரியா ஓரமாக நின்றாள்.

மாலை மரியாதை முடிந்ததும் பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"என் பழைய நண்பர் எங்கே? ரோச், இப்படி முன்னால் வாருங்கள். சம்மாட்டி கரையில் இருக்கிறார். கடலுக்கே போவதில்லை. இன்னொருவர் வருஷக்கணக்கில் அந்த வல்லத்தை ஓட்டுகிறார். அப்படி ஓட்டுபவருக்கு வல்லத்தின் மேல் ஏதாவது உரிமை, பாத்தியதை உண்டா? ஆதி வழக்கம் என்ன?"

ஆட்கள் எல்லாருடைய கண்ணும் இனிகோ மேல். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, தொண்டையைக் கனைத்தார்.

பால்துரையின் முகத்தைப் பார்த்தேன். தீர்ப்பு வாசகம் அவருக்கு மனப்பாடம். தகராறு இல்லாத காலத்தில், இனிகோ ரோச், பேராசிரியரிடம் சொல்லும் சொல். இப்போது தகராறு இல்லை. பேராசிரியர் இருக்கிறார், பேனா திறந்திருக்கிறது. இந்த வாய் என்ன சொன்னாலும் முதலில் தலையணையாகும், பிறகு கையேடாகும், பிறகு அத்தனை வல்லமும் ஆளுக்கு ஒன்றாக நடந்து போகும்.

"ஐயா, ஒரு நிமிசம்!" என்று எழுந்து, இனிகோவின் கையைப் பிடித்து உப்புக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஐயா கண்ணைக் காட்டினார். நானும் பின்னால் போனேன்.

"வேய், வாயத் தொறந்துராதீரும். ஒம்ம வல்லத்த நீரே எடுத்துக்கிடும்."

இனிகோ பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தண்டு, பாய், புது வலை, எல்லாத்தோடயும் எடுத்துக்கிடும். அந்த ஐயாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

"எழுத்துல வேணும் அண்ணாச்சி" என்றேன் நான். அந்தப் பதற்றத்தில் யாருக்காவது புத்தி வேலை செய்ய வேண்டுமே. உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தின் வாசகம் கையேட்டின் கடைசியில் மாதிரியாகவே இருந்தது. பால்துரையின் பிரதியை வாங்கி, அதைப் பார்த்து உப்பு மூட்டை மேல் வைத்து எழுதினேன். பேராசிரியர் புத்தகம் எழுதியதில் ஒரு மனுஷருக்காவது நன்மை கிடைத்ததென்றால் அது அன்றைக்குத்தான். பால்துரை கையெழுத்துப் போட்டார்.

இனிகோ பந்தலுக்குத் திரும்பி வந்து பேராசிரியரைக் கும்பிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்றார். பேராசிரியர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கிழவர் வாயே திறக்கவில்லை. கடற்கரை மக்களின் மௌனத்துக்கும் சட்டத்தில் ஓர் அர்த்தம் உண்டு என்று சொல்லி, அவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலமே பெரியதாழைக்குப் பாய் விரிக்க வல்லம் தயாராயிற்று. மச்சினன்மார் பாத்திரம் பண்டங்களை ஏற்றினார்கள். நான் தண்ணீர் ஓரம்வரை போனேன். விக்டோரியா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஐயாட்ட என்ன சொல்லப் போனீங்க?"

"உள்ளதத்தாம்ளா சொல்லப் போனேன். ஓட்டுறவனுக்கு வல்லத்துல ஒரு பாத்தியதையும் கெடையாதுன்னு. மாதா மேல சத்தியம். பட்டது போதும், இனிமே உள்ளதச் சொல்லுவோம்னு முடிவு பண்ணித்தான் எந்திரிச்சேன். அதுக்குள்ள அவரு கையப் புடிச்சிட்டாரு."

விக்டோரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போதும், பொய் சொன்னது. ஏறுங்க" என்றாள்.